லித்தியத்துக்கு நாலரை ஸ்டார், ஏஜென்சிக்கு ஒண்ணு: பைபோலாருக்கு மாத்திரையும் நர்சிங்கும் எங்க வீட்டு ரிவ்யூ

மொதல்லயே ரேட்டிங் சொல்லிடறேன், பொறுமை இல்லாதவங்க இதோட கிளம்பிடலாம். லித்தியம் மாத்திரைக்கு 5க்கு நாலரை. ஆஸ்பத்திரி வார்டு நர்சிங்குக்கு 4. ஏஜென்சி மூலமா வீட்டுக்கு வந்த "நர்ஸ்"க்கு 1, அதுவும் டைமுக்கு வந்ததுக்காக. அப்புறம் நாங்களா விசாரிச்சு புடிச்ச சிஸ்டருக்கு 5, இன்னும் மேல இருந்தா அதையும் குடுத்திருப்பேன்.

எங்க அண்ணனுக்கு பைபோலார், டைப் 1. அதாவது மனசு ஒரு காலத்துல தலகால் தெரியாம உச்சத்துக்கு ஏறும், அது மேனியா; இன்னொரு காலத்துல அடியோட இறங்கும், அது டிப்ரஷன். திருச்சில இருக்கோம். மிக்ஸி வாங்கறதுக்கு ராத்திரி பூரா ரிவ்யூ படிக்கிற ஊரு இது, ஆனா மனநல வார்டு எப்படி இருக்கும், நர்ஸ் என்ன பண்ணுவாங்க, மூடு ஸ்டெபிலைசர்னா என்னன்னு தேடினா ஒருத்தரும் தமிழ்ல ஒழுங்கா எழுதி வெக்கல, எல்லாம் "மன அழுத்தம் நீங்க 5 வழிகள்" ரகம். அதான் நானே எழுதறேன். ஆஸ்பத்திரி பேரு, ஏஜென்சி பேரு எதுவும் போட மாட்டேன், கேக்காதீங்க.

என்ன ஆச்சுன்னு சுருக்கமா. அண்ணன் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் கூட தூங்கல, ஆனா களைப்பே கிடையாது, அது தான் பயமே. பேச்சு நிக்காது, ஒரு விஷயத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு தாவும், காவிரிக்கரைல ஃபுட் ஸ்ட்ரீட் ஆரம்பிக்கப் போறேன்னு லோடு வேனுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்தாரு, கிரெடிட் கார்டு லிமிட் காலி, ஏன்னு கேட்டா அவ்ளோ கோவம். இத்தனைக்கும் எங்க வீட்லயே ரொம்ப கணக்கு பாத்து செலவு பண்ற ஆளு அவரு. பெரியப்பா வந்து "குணசீலம் கோயிலுக்கு கூட்டிட்டு போங்க, 48 நாள் தங்கினா சரியாயிடும்"னாரு. அம்மாவுக்கும் பாதி மனசு அங்க தான். அண்ணி தான் "கோயிலுக்கு அப்புறமா எல்லாரும் சேந்து போலாம் மாமா, இப்ப டாக்டர்"னு ஒரே வார்த்தைல முடிச்சாங்க. நான் பெரியப்பாட்ட 2001ல ஏர்வாடி தர்கா பக்கத்துல இருந்த காப்பகத்துல தீ புடிச்சப்ப சங்கிலில கட்டி வெச்சிருந்தவங்க 28 பேர் செத்தத ஞாபகப்படுத்தினேன், அதுக்கப்புறம் அவரு வாய தொறக்கல. சாமி கும்பிடறது தப்புன்னு சொல்லல, வைத்தியத்த நிறுத்திட்டு கும்பிடறது தான் தப்பு.

இப்ப வார்டு. தனியார் ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு தனி மாடி. 2017 மனநலப் பராமரிப்பு சட்டப்படி ஆளு தானா ஒத்துக்கிட்டு சேரலாம், ஒத்துக்கற நிலைல இல்லன்னா டாக்டர்ங்க பாத்து சரின்னு சொன்னப்புறம் நியமனப் பிரதிநிதி (நோயாளி சார்பா பேசற ஆளு) விண்ணப்பத்துல சேக்கலாம், அதுக்கு மொதல்ல 30 நாள் தான் உச்ச வரம்பு. அண்ணி தான் பிரதிநிதி. இத அட்மிஷன் கவுண்டர்ல ஒழுங்கா விளக்கினாங்க, அதுக்கு ஒரு பாயிண்ட். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் மொதல்ல "சைக்கியாட்ரி கவர் ஆகாது மேடம்"னான். அதே சட்டத்துல உடம்பு நோய்க்கு என்ன குடுக்கறியோ அத மனநோய்க்கும் குடுக்கணும்னு பிரிவு 21ல இருக்கு, அத எழுதி மெயில் போட்டப்புறம் வழிக்கு வந்தாங்க. பணம் கட்டற எல்லாரும் இத தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

நான் பயந்து போனது கட்டி வெப்பாங்க, ஷாக் குடுப்பாங்கன்னு, சினிமா பாத்து வளந்த மூளை வேற எப்படி இருக்கும். (மயக்க மருந்து இல்லாம ஷாக் ட்ரீட்மெண்ட் குடுக்கக்கூடாதுன்னு அந்த சட்டமே சொல்லுது, அண்ணனுக்கு அது தேவையே படல.) அங்க நடந்தது என்னன்னா, பாதிக்கு மேல நர்சிங். டாக்டர் ரவுண்ட்ஸ்ல பத்து நிமிஷம் வருவாரு, மிச்ச நேரம் பூரா சிஸ்டர்ங்களும் பிரதர்ங்களும் தான். ரூம்ல டிவி கிடையாது, லைட் கம்மி, பாக்க வர்றவங்க ஒரு நேரத்துல ஒருத்தர். எனக்கு மொதல்ல இது ஜெயில் மாதிரி பட்டுச்சு. ஆனா மேனியால இருக்கறவங்களுக்கு சத்தமும் ஆளும் கூடினா தீ இன்னும் ஏறும், அதனால தான் குறைக்கறாங்க.

சாப்பாட்டு விஷயம் பாருங்க. அண்ணன் உக்காந்து சாப்பிட மாட்டாரு, தட்டு வெச்சா ரெண்டு வாய் போட்டுட்டு எந்திரிச்சு வராண்டால நடக்க ஆரம்பிச்சிருவாரு, வீட்ல இருந்த கடைசி நாட்கள்ல எடை நல்லா இறங்கியிருந்துச்சு. அங்க ஒரு சீனியர் சிஸ்டர், ஐம்பது வயசு இருக்கும், தட்ட தூக்கிட்டு சப்பாத்திய உருட்டி கைல குடுத்துட்டு கூடவே நடந்தாங்க. "நடங்க தம்பி, நடந்துட்டே கடிங்க"ன்னு. ஒரு ரவுண்டுக்கு ஒரு சப்பாத்தி. அடுத்த ரவுண்டுல மோர். அம்மா அத பாத்துட்டு அழுதுட்டாங்க, ஏன்னா வீட்ல அத்தனை நாளும் "உக்காரு, உக்காரு"ன்னு கெஞ்சிட்டே இருந்தாங்க.

வாக்குவாதம் பண்ணவே மாட்டாங்க அவங்க. அண்ணன் ஃபுட் ஸ்ட்ரீட் பிளான ஆரம்பிச்சா "நல்லா இருக்கு"ன்னும் சொல்ல மாட்டாங்க "லூசுத்தனம்"னும் சொல்ல மாட்டாங்க, "பேப்பர்ல எழுதுங்க, நாளைக்கு ரவுண்ட்ஸ்ல பேசலாம், இப்ப மாத்திரை"ன்னு ஒரே குரல்ல. மாத்திரை குடுத்தா தண்ணி குடுத்து "வாய தொறங்க, நாக்க தூக்குங்க"ன்னு பாத்துட்டு தான் நகர்வாங்க, உடனே போக மாட்டாங்க, ரெண்டு நிமிஷம் ஏதாவது ஊர்க்கதை பேசிட்டு நிப்பாங்க. ஒரு தடவ கன்னத்துல ஒதுக்கி வெச்சிருந்த மாத்திரைய அப்படி தான் புடிச்சாங்க, ஒரு திட்டு கிடையாது. தூக்கம் எத்தனை மணி நேரம்னு ராத்திரி பூரா மணிக்கொரு தடவ டார்ச் அடிச்சு சார்ட்ல குறிச்சாங்க, ஏன்னா மருந்து வேலை செய்யுதான்னு மொதல்ல காட்டறது தூக்கம் தான். ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா நைட் ட்யூட்டில ஆளு பத்தல, ஒரு சிஸ்டர் ஒரு ஃப்ளோர் பூரா ஓடறாங்க, இது அவங்க தப்பு இல்ல, மேனேஜ்மெண்ட் தப்பு.

மாத்திரைக்கு வரேன். எங்களுக்கு எழுதின மூடு ஸ்டெபிலைசர், அதாவது மனசோட ஏத்த இறக்கத்த சமப்படுத்தற மருந்து, லித்தியம் கார்பனேட். லித்தோசன், லைகேப்னு பேரு பாத்திருப்பீங்க, உள்ள இருக்கறது ஒண்ணே தான், ஆனா எஸ்.ஆர். (மெதுவா கரையற ரகம்) போட்டிருக்கறத கடைக்காரரா மாத்தி சாதாரணத குடுக்க விடாதீங்க, ரத்தத்துல ஏறுற வேகம் வேற. இது புது மருந்தே கிடையாது. ஆஸ்திரேலியால ஜான் கேட்ங்கற டாக்டர் 1949லயே மேனியாவுக்கு இது வேலை செய்யுதுன்னு எழுதிட்டாரு, அமெரிக்கால அனுமதி குடுக்க 1970 ஆச்சு. ஒரு சாதாரண உப்பு, காப்புரிமை எடுத்து காசு பாக்க முடியாது, அதனால எந்த கம்பெனி ரெப்பும் இதுக்காக பேக தூக்கிட்டு அலையறதில்லன்றது என் சொந்த சந்தேகம். விலை பெருசா ஒண்ணும் இல்ல, எங்களுக்கு மாசத்துக்கு ஆகுற காசு குடும்பத்தோட ஒரு தடவ ஹோட்டல்ல டிபன் சாப்பிடற அளவு தான். இந்தியாவோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயும் இருக்கு.

உடனே வேலை செய்யும்னு நெனக்காதீங்க. ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அது வரைக்கும் ஆள அடக்க ஓலன்சபைன் மாதிரி வேற மாத்திரை சேத்து தான் குடுத்தாங்க, அப்புறம் அத கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாங்க. அண்ணன் மெதுவா இறங்கினது எப்படி தெரிஞ்சதுன்னா, ஒரு நாள் நான் பேசறப்ப குறுக்க பேசாம முழுசா கேட்டாரு. அவ்ளோ தான். எங்களுக்கு அது பொங்கல்.

நல்லது சொன்னா கெட்டதும் சொல்லணும்ல. தாகம். எப்பவும் ரெண்டு லிட்டர் பாட்டில் கூடவே இருக்கும், ராத்திரி பாத்ரூம் போய் போய் தூக்கம் கெடும். கை லேசா நடுங்கும், எடை ஏறுச்சு, மொதல்ல வாய்ல ஒரு மாதிரி உலோகச் சுவை இருக்குன்னாரு. தைராய்டு குறையலாம், நீண்ட காலத்துல கிட்னிய பாத்துக்கணும், கால்சியமும் பாப்பாங்க, அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் அப்புறம் அப்பப்பவும் ரத்த டெஸ்ட் கட்டாயம். அதோட ரத்தத்துல லித்தியம் லெவல்: பொதுவா 0.6லேர்ந்து 1.0க்குள்ள வெக்கறாங்க, மேனியா உச்சத்துல கொஞ்சம் மேல, 1.5 தாண்டினா விஷம். வேலை செய்யற அளவுக்கும் விஷமாகற அளவுக்கும் நடுவுல இவ்ளோ சின்ன சந்து தான். அரை ஸ்டார் இதுக்காக தான் குறைச்சேன். ஆனா தற்கொலை எண்ணத்த குறைக்கறதுல இதோட பேரு பெரிய பேரு, அது எங்களுக்கு எல்லா தாகத்தையும் விட பெருசு.

சரி, அந்த ஒரு ஸ்டார் கதை. டிஸ்சார்ஜ் ஆனப்ப டாக்டர் "கொஞ்ச நாளைக்கு மாத்திரைய யாராவது பொறுப்பா பாத்துக்கங்க"ன்னாரு. நானும் அண்ணியும் வேலைக்கு போறோம், அம்மாவுக்கு முட்டி வலி. ஒரு ஹோம் நர்சிங் ஏஜென்சிய புடிச்சோம், "சைக்கியாட்ரி எக்ஸ்பீரியன்ஸ் ஸ்டாஃப் மேடம்"னு ஃபோன்ல உறுதியா சொன்னாங்க, மாசம் இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல, அட்வான்ஸ் தனி. வந்த பையன் நல்ல பையன் தான், மரியாதையா "அம்மா, அம்மா"ன்னு தான் பேசுவான். ஆனா நர்ஸ் இல்ல. நர்சிங் டிப்ளமோ ஜி.என்.எம். இல்ல, பி.எஸ்சி. நர்சிங் இல்ல, கவுன்சில்ல பதிவு இல்ல, ஆறு மாச சர்ட்டிஃபிகேட்டு. அது எங்களுக்கு தெரிய வந்ததே எல்லாம் நடந்து முடிஞ்சப்புறம்.

அப்ப கத்திரி வெயில். திருச்சி கத்திரி எப்படின்னு உங்களுக்கு சொல்லணுமா. அந்த ஏஜென்சி பையன் ஒரு நாள் அண்ணனுக்கு பி.பி. பாத்தான், 140 காட்டுச்சு, உடனே அம்மாட்ட "உப்பு நிறுத்திடுங்கம்மா"ன்னுட்டான். அம்மாவும் பயந்து உப்பில்லாத ரசம், உப்பில்லாத கஞ்சி. அண்ணன் அப்ப தான் சாயங்காலம் மொட்டை மாடில நடக்க ஆரம்பிச்சிருந்தாரு, வேர்வை ஊத்தும். இடுப்பு புடிச்சிருக்குன்னு சொன்னதுக்கு பக்கத்து மெடிக்கல்ல டைக்லோஃபெனாக் வாங்கிட்டு வந்து வேளைக்கு ஒண்ணா குடுத்திருக்கான். லித்தியம் சாப்பிடறவங்களுக்கு இந்த மூணும் சேந்தா என்ன ஆகும்னு படிச்ச நர்ஸ் யாரா இருந்தாலும் சொல்லிடுவாங்க: உடம்புல உப்பு குறைஞ்சா கிட்னி உப்புன்னு நெனச்சு லித்தியத்த புடிச்சு வெச்சுக்கும், வேர்வைல தண்ணி போனாலும் அதே, டைக்லோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரையும் லித்தியத்த வெளிய போக விடாது. பாராசிட்டமால்னா பிரச்சனை இல்ல.

மொதல்ல டவராலேர்ந்து காபி சிந்துச்சு. லேசான நடுக்கம் எப்பவும் உள்ளது தானேன்னு விட்டான். அடுத்து வாந்தி, பேதி. "பித்தம்மா, இஞ்சி சாறு குடுங்க"ன்னான். அன்னிக்கு சாயங்காலம் அண்ணி வேலைலேர்ந்து வந்து பாத்தா அண்ணன் தண்ணி அடிச்சவன் மாதிரி குழறி பேசறாரு, நடந்தா சுவத்த புடிக்கறாரு. அண்ணி அப்படியே ஆட்டோல ஏத்திட்டாங்க. லெவல் 1.8. லித்தியத்த நிறுத்தி, சலைன் ஏத்தி, கிட்னி பாத்து, மறுபடி ஆஸ்பத்திரி வாசம். ஏஜென்சிக்கு ஃபோன் பண்ணா "ஆள மாத்தி தரோம் மேடம், அட்வான்ஸ் மட்டும் ரிட்டர்ன் ஆகாது". அந்தப் பையன் மேல எனக்கு கோவம் இல்ல, தெரியாத வேலைக்கு அவன அனுப்பினவங்க மேல தான்.

அப்புறம் தான் ஆஸ்பத்திரி சீனியர் சிஸ்டர்ட்டயே கேட்டு, அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல வேலை பாத்து ரிட்டையர் ஆன ஒரு சிஸ்டர் கிடைச்சாங்க. நாள் பூரா இல்ல, காலைல கொஞ்ச நேரம் சாயங்காலம் கொஞ்ச நேரம், செலவு ஏஜென்சிய விட கம்மி. வந்த அன்னிக்கே அம்மாட்ட "உப்பு கூட்டவும் வேணாம் குறைக்கவும் வேணாம், எப்பவும் போடற அளவு போடுங்க, ஊறுகாய் ஒரு நாள் பூரா சாப்பிட்டு மறுநாள் விடறது அது ஆகாது"ன்னாங்க. ஒரு நாப்பது பக்க நோட்டு போட்டாங்க. எத்தனை மணிக்கு தூங்கினாரு, எத்தனை மணிக்கு எந்திரிச்சாரு, எவ்ளோ தண்ணி, எடை, மனசு எப்படி இருக்குன்னு பத்துக்கு ஒரு மார்க். மார்க்க அண்ணன் தான் போடணும், யாரும் போடக்கூடாது. அவரும் ஒரு நாள் கூட விடாம போட்டாரு, கணக்கு புடிச்ச ஆளுன்னு சொன்னேன்ல.

ஒரு சம்பவம் மட்டும் சொல்றேன். லேப்காரன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்க வந்தான், காலைல 6 மணிக்கு. சிஸ்டர் "ராத்திரி மாத்திரை எத்தனை மணிக்கு? 9க்கு. அப்ப காலைல 9க்கு வா தம்பி, பன்னெண்டு மணி நேரம் ஆகணும், அது வரைக்கும் காலை மாத்திரை கிடையாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. 9க்கு வந்தான். பச்சை மூடி ட்யூப எடுத்தான். சிஸ்டர் கைய புடிச்சு நிறுத்திட்டாங்க. பச்சை மூடி ட்யூப் நெறைய லேப்ல லித்தியம் ஹெப்பாரின் தடவினது, ரத்தம் உறையாம இருக்க, அதுலயே லித்தியம் இருக்கு, அதுல எடுத்தா லெவல் தப்பா மேல காட்டும், டாக்டர் டோஸ குறைப்பாரு, அண்ணன் மறுபடி மேனியாவுக்கு போவாரு. அந்த பையன் ட்யூப் லேபிள படிச்சு பாத்துட்டு முழிச்சான், பேகுலேர்ந்து சிவப்பு மூடி எடுத்தான். காபி தம்ளர கைல வெச்சுட்டு நான் வாசப்படில நின்னு பாத்துட்டு இருந்தேன், இந்த ஒரு நிமிஷத்துக்கே அவங்களுக்கு ஒரு மாச சம்பளம் குடுக்கலாம்னு தோணுச்சு.

மேனியா இறங்கினப்புறம் சும்மா இருக்காது, டிப்ரஷன் வரும், எங்களுக்கும் வந்துச்சு. நாள் பூரா படுக்கை, குளியல் இல்ல, பட்ட கடன நெனச்சு வெக்கம். சுத்தி இருந்த சொந்தம் எல்லாம் "அப்பாடா அமைதியாயிட்டான்"னு சந்தோஷப்பட்டுச்சு. சிஸ்டர் தான் அண்ணிய தனியா கூப்ட்டு இப்ப தான் கூட கண்ணு வெக்கணும், அதுலயும் கொஞ்சம் தெம்பு திரும்பற நேரம் தான் ஆபத்துன்னு சொல்லி, மாத்திரை டப்பாவ பூட்டி வெக்க வெச்சாங்க, அண்ணன்ட்ட சுத்தி வளைக்காம நேராவே கேட்டாங்க, "சாகணும்னு தோணுதா தம்பி?" கேட்டா எண்ணம் வந்துடும்னு நாங்க பயந்தோம், அப்படி எல்லாம் வராதாம், அண்ணன் அன்னிக்கு தான் மொத தடவையா மனசு விட்டு பேசினாரு. அதே மாதிரி, டிப்ரஷன்னு வேற ஜெனரல் டாக்டர்ட்ட போய் வெறும் டிப்ரஷன் மாத்திரை மட்டும் எழுதி வாங்கிடாதீங்க, பைபோலார்ல அது சிலருக்கு நேரா மேனியால கொண்டு போய் விடும். அவசரத்துக்கு 14416, டெலி மானஸ், அரசு நடத்தறது, 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம்.

எல்லாருக்கும் லித்தியம் தான்னு நான் சொல்லல. என் ஃப்ரெண்டு ஒருத்திக்கு வால்ப்ரோயேட்னு இன்னொரு மூடு ஸ்டெபிலைசர் எழுதியிருந்தாங்க, அவளுக்கு அப்ப தான் கல்யாணம் ஆகியிருந்துச்சு. வயித்துல இருக்கற குழந்தையோட முதுகுத்தண்டையும் மூளையையும் அது பாதிக்கலாம்னு யாரும் அவட்ட சொல்லல, நான் சொல்லி, அவ டாக்டர்ட்ட பேசி மாத்திக்கிட்டா. குழந்தை பெத்துக்கற வயசுல இருக்கற பொண்ணுங்க கண்டிப்பா கேளுங்க, ஆனா நீங்களா நிறுத்தாதீங்க. லாமோட்ரிஜின்னு இன்னொரு மருந்து, அதுன்னா ரொம்ப கம்மி டோஸ்ல ஆரம்பிச்சு வாரக்கணக்குல ஏத்துவாங்க, தோல்ல தடிப்பு வந்தா அன்னிக்கே டாக்டர்ட்ட ஓடணும். லித்தியத்த திடீர்னு விட்டா திரும்பி வர்ற மேனியா படு வேகமா வரும், "நல்லா தானே இருக்கேன்"னு தோணறப்ப தான் எல்லாரும் விடறாங்க.

காசு இல்லாதவங்க தனியார்ட்ட போகணும்னு அவசியம் இல்ல. மாவட்ட அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, மாத்திரை ஃப்ரீ, சென்னைல 1794ல ஆரம்பிச்ச கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரி இருக்கு. பேர கேட்டதும் சிரிக்கறவங்கள விடுங்க, எங்க சிஸ்டர் மாதிரி ஆளுங்க வேலை கத்துக்கறது அரசு வார்டுல தான்.

இப்பவும் வீட்டுக்கு ஏஜென்சி ஆளு தான் வேணும்னா, ஃபோன்லயே தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் பதிவு நம்பர் கேளுங்க, மனநல வார்டுல எங்க எவ்ளோ நாள் வேலை பாத்தாங்கன்னு கேளுங்க, அட்வான்ஸ் ரிட்டர்ன எழுத்துல வாங்குங்க. கடைசியா "எங்க ஆளு லித்தியம் சாப்பிடறாரு, வெயில் காலம் வேற, உப்ப குறைச்சிடலாமா?"ன்னு அப்பாவி மாதிரி கேட்டு பாருங்க. "தாராளமா குறைங்க மேடம், பி.பி.க்கு நல்லது"ன்னா ஃபோன வெச்சிட்டு அடுத்த நம்பருக்கு போங்க.